ஆஸ்பத்திரியில் இருக்கும் குழந்தையைப் பார்க்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டெல்டாப் பக்கத்து அரசு மருத்துவமனைகளில், பெரும்பாலும் குழந்தைகள் வார்டிலேயே, செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இப்போதும் தெருவில் யார் வீட்டுப் பிள்ளையாவது அட்மிட் ஆகிவிட்டால், பார்க்கப் போகிறவர்கள் கிளம்பும் முன் என் வீட்டு வாசலில் ஒரு நிமிடம் நின்று ஏதாவது கேட்டுவிட்டுத்தான் போவார்கள். கேட்பது பெரும்பாலும் ஒரே மாதிரி இருப்பதால் எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே விட்டிருக்கிறேன்.

பதில்களில் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வரும். பிள்ளையின் கட்டிலோரம் ராப்பகலாக உட்கார்ந்திருக்கிறாளே அந்தத் தாய், அவளுக்கு நீங்கள் என்ன செய்துவிட்டு வருகிறீர்கள் என்பதுதான் அது.

போன் பண்ணிட்டுத்தான் போகணுமா, நேரே போயிடலாமா?

போன் பண்ணிவிட்டுப் போங்கள். "தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரி" என்று மட்டும் கேட்டுக்கொண்டு கிளம்பாதீர்கள். ராசா மிராசுதார் மருத்துவமனை ஊருக்குள் பழைய பஸ் ஸ்டாண்டை ஒட்டி இருக்கிறது. மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மெடிக்கல் காலேஜ் ரோட்டில். வேதாரண்யத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, தப்பான வாசலில் நின்று பார்வையாளர் நேரத்தைத் தொலைத்தவர்கள் எத்தனையோ பேர். நாகப்பட்டினத்திலும் அப்படித்தான், மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஊருக்கு வெளியே ஒரத்தூரில் இருக்கிறது.

வார்டு, மாடி, பெட் நம்பர் மூன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளையின் பெயரைச் சீட்டில் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். வீட்டில் குட்டிம்மா என்றால் வார்டில் யாருக்கும் தெரியாது. பிறந்த குழந்தைக்குப் பெயரே இருக்காது, தாயின் பெயரைச் சொல்லித்தான் கேட்கவேண்டும்.

எந்த நேரம் போனா உள்ள விடுவாங்க?

ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு நேரம். வாசலில் எழுதிப் போட்டிருப்பார்கள், போன் பண்ணும்போதே கேட்டுக்கொள்ளலாம். காலையில் மட்டும் போகாதீர்கள். டாக்டர் ரவுண்ட்ஸ் வருவது, ரத்தம் எடுப்பது, டிரிப்ஸ் மாற்றுவது, துணி மாற்றுவது எல்லாம் அப்போதுதான். டாக்டர் அம்மாவிடம் பேசுகிற அந்த இரண்டு நிமிடத்தில் நீங்கள் பக்கத்தில் நின்று "எப்ப சார் வீட்டுக்கு விடுவீங்க" என்று ஆரம்பித்தால், அவள் கேட்க நினைத்திருந்தது மறந்துபோகும்.

வேன் பிடிச்சு எல்லாரும் ஒண்ணாப் போயிட்டு வந்துடலாம்னு இருக்கோம்

வேண்டாம். வார்டில் கட்டிலுக்குக் கட்டில் கையகல இடம்தான். பத்துப் பேர் சுற்றி நின்றால் உங்கள் பிள்ளைக்கு மட்டுமில்லை, அடுத்த கட்டிலில் மூச்சு வாங்கிக்கொண்டு படுத்திருக்கிற பிள்ளைக்கும் காற்று வராது. ஒரு நேரத்தில் இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். பத்து, பதினைந்து நிமிடம் போதும்.

"பார்க்க வரலைன்னு பின்னாடி சொல்லிக்காட்டுவாங்களே" என்கிறீர்கள், புரிகிறது. எல்லாரும் ஒரே நாளில் போகாமல் நாளுக்கு ஒருவராகப் போங்கள். அந்த அம்மாவுக்கும் தினம் ஒரு முகம் பார்த்த ஆறுதல் இருக்கும்.

செவ்வாய், வெள்ளியில நோயாளியைப் பார்க்கப் போகக்கூடாதுன்னு அத்தை சொல்றாங்க

அத்தை மனம் நோகவேண்டாம், மற்ற நாளில் போங்கள். ஆனால் உங்களை மாற்றாளாக எதிர்பார்த்து ஒருத்தி உட்கார்ந்திருந்தால் கிழமை பார்க்காமல் போய்விடுங்கள்.

எனக்கு லேசா சளிதான். மாஸ்க் போட்டுக்கிட்டுப் போகலாமா?

போகாதீர்கள். காய்ச்சல், இருமல், வயிற்றுப்போக்கு, கண்வலி, தோலில் சொறி, எது இருந்தாலும் சரியான பிறகு போங்கள். நமக்கு மூன்று நாள் மூக்கு ஒழுகிவிட்டுப் போகிற சளி, ஆறு மாதக் குழந்தையை நெபுலைசரிலும் ஆக்சிஜனிலும் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

உடம்பு நன்றாக இருப்பவர்களும் வார்டுக்குள் நுழையும்போது ஒரு தடவை, வெளியே வரும்போது ஒரு தடவை சோப்புப் போட்டுக் கை கழுவவேண்டும். 20 விநாடியாவது தேய்க்கவேண்டும். விரலிடுக்கு, நகம், மணிக்கட்டு வரைக்கும். பஸ் கம்பியைப் பிடித்து வந்த கை அது. அதோடு போய்க் கன்னத்தைக் கிள்ளிக் கொஞ்சுவது, முத்தம் கொடுப்பது எல்லாம் பிள்ளை வீட்டுக்கு வந்த பிறகு.

எங்க வீட்ல அம்மை போட்டிருந்துச்சு. மூணு தண்ணி ஊத்தியாச்சு. இப்ப போகலாமா?

எத்தனை தண்ணீர் ஊற்றினீர்கள் என்பது கணக்கில்லை. உடம்பில் உள்ள கொப்புளம் அத்தனையும் காய்ந்து பொருக்குத் தட்டிவிட்டதா என்று பாருங்கள். ஒன்று பச்சையாக இருந்தாலும் சின்னம்மை பரவும். கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே பரவ ஆரம்பித்துவிடும் என்பதால்தான் ஒரு வீட்டில் வந்தால் தெருவுக்கே வருகிறது.

இன்னொன்றும் உண்டு. அம்மை வந்தவரோடு ஒரே வீட்டில் இருந்தவருக்கு 10 முதல் 21 நாளுக்குள் வரலாம். உங்களுக்கு இதற்கு முன் சின்னம்மை வந்ததில்லை, தடுப்பூசியும் போட்டதில்லை என்றால், அந்த மூன்று வாரமும் எந்தக் குழந்தைகள் வார்டுப் பக்கமும் போகவேண்டாம். புற்றுநோய்க்கு மருந்து ஏறுகிற பிள்ளைக்கும், சிறுநீரகக் கோளாறுக்கு ஸ்டீராய்டு சாப்பிடுகிற பிள்ளைக்கும் சின்னம்மை உயிருக்கே ஆபத்து. ஆத்தா பெயரைச் சொல்லி இதை மறைக்காதீர்கள்.

துக்க வீட்டுக்குப் போயிட்டு அப்படியே பார்த்துட்டு வந்துடலாமா? வழிதானே

வீட்டுக்குப் போய்க் குளித்து, துணி மாற்றிக்கொண்டு போங்கள். தீட்டு என்று நீங்கள் நினைத்தாலும் சரி, கூட்டத்தில் ஒட்டிய கிருமி என்று நான் நினைத்தாலும் சரி, செய்ய வேண்டியது ஒன்றுதான்.

வெறுங்கையோட எப்படிக்கா போறது? என்ன வாங்கிட்டுப் போகலாம்?

ஹார்லிக்ஸ் பாட்டில், ஆப்பிள், ஆரஞ்சு, பிஸ்கட், ரொட்டி. எல்லாரும் இதைத்தான் வாங்கி வருகிறார்கள். கட்டிலுக்கடியில் பை பையாகச் சேர்ந்து, எறும்பு ஏறி, கடைசியில் பாதியைக் குப்பையில் கொட்டுவோம். சாப்பிடுகிற பொருள் எதுவானாலும் அம்மாவிடம் கொடுங்கள், பிள்ளையின் கையில் கொடுக்காதீர்கள். காரணத்தோடுதான் சொல்கிறேன். மறுநாள் காலை ஆபரேஷன் என்றால் பிள்ளையைப் பட்டினி போட்டிருப்பார்கள். திட உணவு 6 மணி நேரத்துக்கு முன்பே நிறுத்தியாக வேண்டும், தாய்ப்பாலுக்கே 4 மணி நேரம். மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடக்கூடாது என்பதற்காக. பாவம் பிள்ளை பசியில் அழுகிறதே என்று யாராவது ஒரு பிஸ்கட்டைக் கொடுத்துவிட்டால் ஆபரேஷன் தள்ளிப்போகும், பட்டினியை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அப்படிக் கொடுத்துவிட்டீர்கள் என்றால் தயவுசெய்து மறைக்காமல் சிஸ்டரிடம் சொல்லிவிடுங்கள். திட்டுவாங்கினாலும் பரவாயில்லை.

முகமும் காலும் வீங்கிச் சிறுநீரகக் கோளாறோடு இருக்கிற பிள்ளைக்கு உப்பு ஆகாது. முறுக்கு, சிப்ஸ் கூடாது. சர்க்கரை நோய் உள்ள பிள்ளைக்கு என்ன, எவ்வளவு என்று இன்சுலினோடு கணக்குப் போட்டு வைத்திருப்பார்கள். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு வேர்க்கடலை, முழுத் திராட்சை கூடாது, மூச்சுக்குழாயில் அடைக்கும். ஒரு வயது முடியாத குழந்தைக்குத் தேன் தொட்டுக்கூட வைக்கக்கூடாது.

சரி, எதைத்தான் கொண்டுபோவது? அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுபோங்கள். ரசம் சாதம், ஒரு பொரியல், கெட்டுப்போகாத மாதிரி தனித்தனி டப்பாவில். பல நேரம் அந்தப் பெண் பிள்ளை மிச்சம் வைத்த இட்லியைத்தான் தின்றுகொண்டிருப்பாள். யாரோ வாங்கிக் கொடுத்த டீ ஆடை படிந்து ஜன்னலோரம் ஆறிக் கிடக்கும், குடிக்க நேரம் இருந்திருக்காது. அப்புறம் ஒரு துண்டு, நைட்டி, பாய், கொசுவத்திக்குப் பதில் சின்னக் கொசுவலை, போன் சார்ஜர், ஃபிளாஸ்க். பிள்ளைக்கு வண்ணப் பென்சிலும் படம் வரைகிற நோட்டும் வாங்கலாம். பலூன் வேண்டாம், வெடித்த துண்டை வாயில் போட்டுக்கொள்ளும்.

பணமா கொடுத்தா தப்பா நினைப்பாங்களோ?

நினைக்கமாட்டார்கள். காப்பீட்டுத் திட்டத்தில் வைத்தியம் இலவசமாகவே நடந்தாலும் பஸ், ஆட்டோ, சாப்பாடு என்று கை கரைந்துகொண்டே இருக்கும். கூலிக்குப் போகிற வீடு என்றால் அந்த வருமானமும் நின்றிருக்கும். கவரில் போட்டு, எல்லார் முன்னாலும் நீட்டாமல், கிளம்பும்போது அம்மாவின் கையில் வைத்துவிட்டு வாருங்கள். தொகையை வெளியே போய்ச் சொல்லாதீர்கள்.

வைத்தீஸ்வரன் கோயில் திருச்சாந்துருண்டை வாங்கி வச்சிருக்கேன். வாயில போடலாமா?

நம் பக்கம் நாகூர் தர்காவில் ஓதிய சர்க்கரையும் வரும், வேளாங்கண்ணி மாதா கோயில் எண்ணெயும் வரும். ஒரே கட்டிலில் மூன்றும் இருந்து நான் பார்த்திருக்கிறேன். அதில் அந்த அம்மாவுக்குக் கிடைக்கிற தைரியத்தை யாரும் தடுக்கக்கூடாது. அம்மா கையில் கொடுத்துத் தலைமாட்டில் வைக்கச் சொல்லுங்கள். வாயில் போடுவது மட்டும் சிஸ்டரைக் கேட்டுவிட்டு. மேலே சொன்ன பட்டினிக் கணக்கு பிரசாதத்துக்கும் உண்டு. திருநீற்றை நெற்றியில் லேசாக வைக்கலாம். மூக்கருகே ஊதாதீர்கள், காயத்திலும் தையலிலும் தடவாதீர்கள்.

திருஷ்டி சுற்றிச் சூடம் கொளுத்துவது வார்டுக்குள் கூடவே கூடாது. ஆக்சிஜன் ஓடுகிற இடத்தில் சின்னப் பொறி போதும், தீ சரசரவென்று பிடித்துவிடும். சுற்றிப்போட வேண்டும் என்றால் உப்பு மிளகாயை வெறுமனே சுற்றி, வெளியே கொண்டுபோய்ப் போட்டுவிடுங்கள்.

பேத்தி பிறந்து கண்ணாடிப் பெட்டியில வச்சிருக்காங்க. நான் பாட்டி, என்னையே உள்ள விடமாட்டேங்கிறாங்க

வருத்தமாகத்தான் இருக்கும். குறைமாதக் குழந்தைக்கு எதிர்ப்புச் சக்தி ரொம்பக் குறைவு. அதனால் பெரும்பாலும் தாயை மட்டும்தான், சில இடங்களில் தகப்பனையும், உள்ளே விடுவார்கள். குழந்தையை மார்போடு தோல்படச் சேர்த்து அணைத்து வைக்கிற கங்காரு முறையைத் தாய்க்குச் சொல்லிக்கொடுப்பார்கள். அதில் குழந்தையின் சூடு நிலைக்கும், எடை ஏறும். "குழந்தைக்கு மூச்சு முட்டும்" என்று நீங்கள் பயமுறுத்தாமல் இருந்தாலே பெரிய உதவி.

சேனை வைக்கவேண்டும் என்று சீனித் தண்ணீரோ தேனோ கொண்டுபோகாதீர்கள். உரை மருந்து, வசம்பு வேண்டாம். மூக்கில் எண்ணெய் விடவே கூடாது; அது நுரையீரலுக்குப் போய் நிமோனியாவாக நிற்கும். ஆறு மாதம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும்தான். பாட்டி செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது: மருமகளோ மகளோ, அந்தப் பிள்ளை பெற்றவளுக்கு வேளாவேளைக்குச் சூடாகச் சாப்பாடும், "பால் வரும், பயப்படாதே" என்ற வார்த்தையும். பால் சுரக்க அந்த இரண்டும் வேண்டும்.

பிள்ளைகிட்ட என்ன பேசுறது? அங்க போனா எனக்கு அழுகைதான் வருது

அழுகை வந்தால் வராண்டாவுக்குப் போய் அழுதுவிட்டு வாருங்கள், குற்றமில்லை. பிள்ளையிடம் சாதாரணமாகப் பேசுங்கள். வீட்டுக் கன்றுக்குட்டி என்ன செய்தது, பள்ளிக்கூடத்தில் யார் விசாரித்தார்கள், ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதா, இதெல்லாம் போதும். "ஐயோ, எலும்பும் தோலுமாப் போயிட்டியே" வேண்டாம். "சாப்பிடலைன்னா சிஸ்டர் ஊசி போட்டுடுவாங்க" என்பதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஊசியை நீங்கள் தண்டனை ஆக்கிவிட்டால், மறுநாள் மருந்து ஏற்ற நாங்கள் கிட்டே போகும்போதே பிள்ளை அலறும்.

"வலிக்காது" என்று பொய்யும் சொல்லாதீர்கள். "சுருக்குன்னு இருக்கும், அப்புறம் சரியாயிடும், அம்மா கையைப் புடிச்சுக்கோ" என்றால் பிள்ளை நம்பும். இன்னொன்று, கையைப் பாருங்கள். மருந்து ஏற்றுவதற்காக வென்ஃபிளான் ஊசி போட்ட கையில் மருந்துப் பெட்டி அட்டையை வெட்டி, பஞ்சு சுற்றி, பிளாஸ்திரி ஒட்டி வைத்திருப்போம். அந்தக் கையைப் பிடித்துக் குலுக்காதீர்கள், அந்தப் பக்கம் உட்காராதீர்கள். ஊசி நழுவினால் அந்தப் பிஞ்சுக் கையில் இன்னொரு நரம்பு தேடிக் குத்தவேண்டும்.

தம்பியைப் பார்க்கணும்னு மூத்தவன் அடம் பிடிக்கிறான். கூட்டிட்டுப் போகலாமா?

சாதாரண வார்டு, மூத்தவனுக்கு நோய்நொடி இல்லை, சிஸ்டர் சரி என்றார் என்றால் கூட்டிப்போகலாம். போகும் முன்பே என்ன பார்க்கப்போகிறான் என்று சொல்லிவிடுங்கள்: மூக்கில் குழாய் இருக்கும், கையில் டிரிப்ஸ் ஓடும், தம்பி சோர்ந்து இருப்பான் என்று. விடவில்லை என்றால் வீடியோ கால் போதும். "நான்தான் அன்னிக்கு அவனை அடிச்சேன், அதான் காய்ச்சல் வந்துடுச்சு" என்று மனதுக்குள் புழுங்குகிற மூத்த பிள்ளைகள் உண்டு. உன்னால் வரவில்லை என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

டெங்குன்னு படுத்திருக்கான். பப்பாளி இலைச் சாறு கொண்டுபோகட்டுமா? பிளேட்லெட் எவ்வளவுன்னு கேட்டா முழிக்கிறாங்க

ஐப்பசி, கார்த்திகை மழையில் தினமும் வருகிற கேள்வி. சாறு வேண்டாம். கசப்பில் பிள்ளை வாந்தி எடுத்தால், அது நோயால் வந்த வாந்தியா சாற்றால் வந்ததா என்று டாக்டருக்குக் குழப்பம். தொடர் வாந்தி டெங்குவில் ஆபத்து அறிகுறி. குடிக்கிற தண்ணீரையும் போகிற சிறுநீரையும் அளந்து எழுதிக்கொண்டிருப்பார்கள், அதனால் இளநீர் கொடுத்தாலும் சிஸ்டரிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

பிளேட்லெட் எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு அந்த அம்மாவைத் துளைக்காதீர்கள். "காய்ச்சல் விட்டுடுச்சே, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாமே" என்று யோசனையும் சொல்லாதீர்கள். காய்ச்சல் இறங்குகிற அந்த ஒன்றிரண்டு நாள்தான் டெங்குவில் கவனமாக இருக்க வேண்டிய கட்டம். வயிற்றுவலி, கைகால் சில்லிடுவது, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், பிள்ளை துவண்டுபோவது, இதில் எதைப் பார்த்தாலும் உடனே சிஸ்டரைக் கூப்பிடுங்கள். டெங்கு தொட்டால் ஒட்டாது, பகலில் கடிக்கிற கொசுவால் வருவது. ஆகவே பயமில்லாமல் போங்கள்.

பாம்பு கடிச்ச பிள்ளையைத் தூங்க விடக்கூடாதாமே? பார்க்கப் போறவங்க மாத்தி மாத்தி எழுப்பிவிடுறாங்க

விஷமுறிவு மருந்து ஏறி, ஆஸ்பத்திரிக் கண்காணிப்பில் இருக்கிற பிள்ளையைத் தூங்கவிடுங்கள். நேரத்துக்கு நேரம் நாங்கள் பார்த்துக்கொள்வோம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கின் விஷத்துக்கும் அந்த ஒரே மருந்து வேலை செய்யும். அதனால் "என்ன பாம்புன்னு தெரியாம எப்படி வைத்தியம்" என்று பெற்றவரைக் கலங்கடிக்காதீர்கள். பிள்ளை விழித்திருக்கும்போது இமையைத் தூக்கமுடியவில்லை, பேச்சு குழறுகிறது, எச்சிலை விழுங்கமுடியவில்லை என்றால் அது தூக்கக் கலக்கம் இல்லை. ஓடிப்போய்ச் சொல்லுங்கள். பச்சிலை, மந்திரித்த தண்ணீர் எதையும் வாயில் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும்.

குரூப்ல போடுறதுக்கு ஒரு போட்டோ எடுத்துக்கலாமா? எல்லாரும் பிரார்த்தனை பண்ணுவாங்க

வேண்டாம். போட்டோ இல்லாமலும் பிரார்த்திக்கலாம்.

அறுப்பு நேரம், என்னால போகவே முடியலை. மனசு கேட்கமாட்டேங்குது

ஆஸ்பத்திரிக்குப் போவதைவிடப் பெரிய உதவி ஊரில் கிடக்கிறது. அவர்கள் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுங்கள், அவர்கள் மாட்டைக் கறந்து பால் ஊற்றுங்கள். மற்ற பிள்ளைகளை உங்கள் வீட்டில் படுக்க வையுங்கள், பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கள். காப்பீட்டுக்கு ரேஷன் கார்டும் ஆதாரும் வேண்டும் என்பார்கள், வீட்டில் தேடி எடுத்துப் போகிறவரிடம் கொடுத்தனுப்புங்கள். பத்து நாள் இப்படிப் பார்த்துக்கொண்டவரை அந்த அம்மா ஆயுசுக்கும் மறக்கமாட்டாள்.

போக முடிகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. "நான் இங்க உட்கார்ந்திருக்கேன், நீ போய்க் குளிச்சுட்டு ஒரு மணி நேரம் கண்ணசந்துட்டு வா" என்று சொல்லிப் பாருங்கள். சிஸ்டரிடமும் சொல்லிவிட்டு உட்காருங்கள்.

பங்காளித் தகராறு, அஞ்சு வருஷமாப் பேச்சுவார்த்தை இல்லை. பிள்ளை ஆஸ்பத்திரியில இருக்கு. போகலாமா?

போகலாம் என்பதுதான் என் எண்ணம். ஆனால் கட்டிலருகே போய்த் திடீரென்று நிற்காதீர்கள். இரண்டு பக்கத்துக்கும் பொதுவான பெரியவர் ஒருவரை விட்டு, வரலாமா என்று முதலில் கேளுங்கள். வேண்டாம் என்றால் சாப்பாடோ பணமோ அவர் மூலமே கொடுத்தனுப்புங்கள். வாருங்கள் என்றால் போய், பிள்ளையைப் பார்த்து, நான்கு வார்த்தை பேசிவிட்டு வந்துவிடுங்கள். வரப்பு, பாகம், கோர்ட்டு எதுவும் அங்கே வரக்கூடாது. மன்னிப்பு கேட்க வேண்டியது இருந்தால் பிள்ளை டிஸ்சார்ஜ் ஆன பிறகு வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். பிள்ளை படுத்திருக்கும்போது கேட்டால் அவர்களால் மாட்டேன் என்று சொல்லவும் முடியாது.

டாக்டர் கையை விரிச்சுட்டாராம். ஐ.சி.யு.ல இருக்கு. நான் போய் என்னன்னு பேசுறது?

பேசுவதற்காகப் போகவேண்டாம், போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். "ஒண்ணும் ஆகாது" என்று சத்தியம் செய்யாதீர்கள், அது உங்கள் கையில் இல்லை. "முன்னாடியே கூட்டிட்டு வந்திருக்கலாமே" என்று கேட்டுவிடாதீர்கள்; அந்தக் கேள்வியை அவர்களே தங்களுக்குள் ஆயிரம் தடவை கேட்டிருப்பார்கள். "வேலூர் கொண்டுபோங்க, மெட்ராஸ் கொண்டுபோங்க" என்று ஆளுக்கொரு ஊர் சொல்லிக் குழப்பவும் வேண்டாம். செயற்கை மூச்சில் இருக்கிற பிள்ளையை வண்டியில் ஏற்றுவதே ஆபத்தாகலாம். வேறு இடத்தில் அபிப்பிராயம் கேட்பது அவர்கள் உரிமை. குடும்பத்தில் விவரமான ஒருவர் மட்டும் டாக்டரிடம் உட்கார்ந்து, மாற்றலாமா, மாற்றினால் என்ன ஆகும் என்று கேட்டுவரட்டும்.

உள்ளே ஒரு நிமிடம் விட்டால் பிள்ளையின் பெயரைச் சொல்லி, நீங்கள் யார் என்று சொல்லிப் பேசுங்கள். மயக்கத்தில் இருக்கிறது, கேட்காது என்று நினைத்துக் கட்டிலருகே நின்று காரியப் பேச்செல்லாம் பேசாதீர்கள். வெளியே அப்பா தனியாக நின்றுகொண்டிருப்பார். அம்மாவைச் சுற்றிப் பெண்கள் இருப்பார்கள், அவரை யாரும் கவனிப்பதில்லை. அவரை அழைத்துப்போய் ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். அவர் பேசினால் கேளுங்கள். மறுநாளும் போங்கள், சாப்பாடு எடுத்துக்கொண்டு.